பிழையே செய்யாத டேக்கேதார்

டேக்கேதார்ஜி, உங்களைப் புகழ்ந்து எழுதவேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். தில்லியின் பழைய ஃபிளாட்டுகளில் சமையலறையை இடித்துப் புதிதாக்கித் தரும் உங்களைப் போன்றவர்களைத் தொழில் தெரியாதவர்கள் என்று பலர் திட்டுகிறார்கள். அது அநியாயம். நீங்கள் தொழிலைக் கரைத்துக் குடித்தவர். நான் பார்த்த கணக்கர், தணிக்கையாளர், பேராசிரியர் எவருக்கும் உங்கள் அளவுக்கு மனக்கணக்குக் கிடையாது.

எங்கள் மயூர் விஹார் வீட்டுக்கு முதலில் வந்தபோது உங்கள் கையில் அளவு நாடாகூட இல்லை. சிங்க்குக்குப் பின்னால் இருந்த சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனீர்கள். ஓரிடத்தில் ஓசை உள்வாங்கி வந்தது. அங்கே உங்கள் விரல் நின்றது; மறுபடி ஒருமுறை, மெதுவாக, தட்டிப் பார்த்தது. பிறகு ஏதோ டைல்ஸ் கடை கொடுத்த குறிப்பேட்டை எடுத்து, ‘கிச்சன் கம்ப்ளீட்’ என்று ஒரே வரி எழுதி, எதிரே மூன்று லட்சம் என்று போட்டுக் கொடுத்தீர்கள். சுவரை உடைத்த அன்று உள்ளே இரும்புக் குழாய் துருப்பிடித்துக் கையோடு உதிர்ந்து வந்தது. “பழைய வீடு மேடம், உள்ளே என்ன இருக்கும்னு யாருக்குத் தெரியும்?” என்று கேட்டீர்கள்.

உங்களுக்குத் தெரியும். அதைத்தான் புகழ்கிறேன். யமுனைக்குக் கிழக்கே எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எழும்பிய கூட்டுறவு சொசைட்டிகளில் ஒரு மாடிக்கும் அடுத்த மாடிக்கும் ஒரே வரைபடம், ஒரே குழாய், ஒரே வயது. எங்கள் மேல்வீட்டுச் சமையலறையை உடைத்தவர் நீங்கள். கீழ்வீட்டையும் உடைத்தவர் நீங்கள். நடுவில் இருக்கும் வீட்டின் சுவருக்குள் என்ன இருக்கிறது என்பதை இந்த உலகத்தில் உங்களைவிட நிச்சயமாக அறிந்தவர் யாரும் இல்லை.

அமெரிக்காவில் 2002-ல் சமையலறையைப் புதுப்பித்த வீட்டுக்காரர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. சராசரியாக 18,658 டாலர் ஆகும் என்று நினைத்திருந்தார்கள். ஆனதோ 38,769 டாலர். நோபல் பரிசு பெற்ற உளவியலாளர் டேனியல் கானமன் தம் நூலில் இதை எடுத்துக்காட்டியிருக்கிறார். திட்டம் போடும்போது குறைத்தே மதிப்பிடுவது மனித மனத்தின் சாய்வு என்று அவரும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே எழுதினார்கள். வாழ்நாளில் ஒருமுறை அடுப்படி கட்டுகிற எங்களுக்கு அந்தச் சாய்வு இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். வருஷம் முழுக்க அதையே செய்கிற உங்களை அந்தப் பட்டியலில் சேர்ப்பது உங்களை அவமதிப்பதாகும். தவறு என்பது இரண்டு பக்கமும் போகும். மூன்று லட்சம் என்று சொல்லி இரண்டே முக்காலில் முடித்து மீதியைத் திருப்பித் தந்த டேக்கேதார் ஒருவரைப் பற்றி, யமுனையின் இக்கரையிலும் அக்கரையிலும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எப்போதும் ஒரே தட்டு இறங்கும் தராசு கெட்டுப்போன தராசு அல்ல. அப்படிச் செய்யப்பட்ட தராசு.

உங்கள் நினைவாற்றலும் அப்படித்தான். டீசல் விலை ஏறினால் மறுநாள் காலை டீக்கு முன்னால் சொல்லிவிடுவீர்கள். சிமென்ட்டுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததை மட்டும் நான்தான் உங்களுக்குச் சொல்லவேண்டியிருந்தது.

அந்த ஒற்றை வரிக்குள் நீங்கள் எழுதாமல் விட்டவற்றைப் பிறகு உட்கார்ந்து நான் எழுதிப் பார்த்தேன். அடுப்பு இந்தப் பக்கம் வரட்டும் என்று வரைந்து காட்டியவர் நீங்கள். அடுப்பு நகர்ந்தால் குழாய் எரிவாயுவும் நகரவேண்டும், அதைச் செய்ய இந்திரபிரஸ்தா கேஸ் நிறுவனம் அங்கீகரித்த ஆட்கள்தான் வரவேண்டும், அதற்குத் தனிக் கட்டணம். ஓவன் வைக்க இடம் ஒதுக்கியவர் நீங்கள். அதற்கு 16 ஆம்பியர் பாயிண்ட்டும் தடித்த வயரும் வேண்டும். இடித்த செங்கல்லும் பழைய டைல்ஸும், நீங்கள் மல்பா என்று சொல்கிறீர்களே, அதை இறக்கி வண்டியில் ஏற்றி அனுப்பவேண்டும். இவை எதிர்பாராத செலவுகள் அல்ல. ஒவ்வொரு வீட்டிலும் நடப்பவை. மல்பாவுக்கு எஸ்டிமேட்டில் ஒரு ரூபாய்கூட இல்லாதபோது அது எங்கே போய்ச் சேரும் என்பதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. புராரியில் 2009 முதல் இடிபாடுகளை அரைத்து மறுபடி பயன்படுத்தும் ஆலை இருக்கிறது. யமுனைக் கரையில் இடிபாடு கொட்டினால் 50,000 ரூபாய் தண்டம் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015 ஜனவரியில் உத்தரவிட்டது. உங்கள் டெம்போ ராத்திரி பதினொரு மணிக்குமேல்தான் வருகிறது.

அளப்பதில் உங்கள் கை சுத்தம். எங்கள் மாமியார் காலத்துக் கடப்பைக்கல் மேடையை எடுத்துவிட்டு கிரானைட் போட்டீர்கள். ‘எல்’ வடிவ மேடை. ஒரு சுவர் 10 அடி, மற்றது 8 அடி, மேடை அகலம் 2 அடி. பத்தும் எட்டும் பதினெட்டு, பெருக்கினால் 36 சதுர அடி என்று எழுதினீர்கள். மூலையில் இருக்கும் 2 அடிக்கு 2 அடி சதுரம் இரண்டு சுவரின் கணக்கிலும் ஏறியிருக்கிறது. போட்ட கல் 32 சதுர அடி. சிங்க்குக்காக வெட்டி எடுத்த துண்டும் அந்த அளவுக்குள் இருக்கிறது. அதை வெட்டியதற்குத் தனிக் கூலி. துண்டு எங்கள் வீட்டில் இல்லை. இது ஒரு நாலு சதுர அடிக் கல்லோடு முடிவதல்ல. கீழே அலமாரி, மேலே அலமாரி இரண்டிலும் அந்த மூலை இரண்டு தடவை எண்ணப்பட்டிருந்தது. எங்கும் ஒரு மூலைகூட விட்டுப்போகவில்லை.

பிளைவுட் விஷயத்தில் உங்கள் சுறுசுறுப்புக்கு ஈடு இல்லை. சிங்க்குக்குக் கீழே தண்ணீர் தாங்கும் ஐ.எஸ். 710 பலகை என்று பேச்சு. அந்த எண் பலகையின் மேல் முத்திரையாகக் குத்தியிருக்கும். லேமினேட் ஒட்டிவிட்டால் முத்திரை உள்ளே போய்விடும். பிறகு ஈரத்தில் ஊதிப் பிரியும்போதுதான் எந்த ரகம் என்று தெரியும். கீர்த்தி நகரிலிருந்து பலகை வந்து இறங்கிய அதே பகலில், நான் அலுவலகத்திலிருந்து திரும்புவதற்குள், எல்லாவற்றுக்கும் லேமினேட் ஒட்டி முடித்திருந்தீர்கள். மற்ற வேலை எதுவும் ஒரே நாளில் முடிந்ததாக எனக்கு நினைவில்லை.

பருவம் அறிந்து வேலை தொடங்குவதிலும் நீங்கள் தேர்ந்தவர். தில்லியில் காற்று எப்போது கெடும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். காற்றின் தரம் ‘கடுமை’ நிலைக்குப் போனால் கட்டட வேலைகளுக்கு மூன்றாம் கட்டக் கட்டுப்பாடு வரும். வீட்டுக்குள் சிறு பழுதுபார்ப்புக்கு விலக்கு உண்டு, சுவரை இடிப்பதற்குக் கிடையாது. தீபாவளிக்கு முன் பாதிச் சுவரை இடித்து முன்பணத்தில் பெரும்பகுதியை வாங்கிக்கொண்டீர்கள். நவம்பரில் தடை வந்தது. பாத்ரூம் குழாயில் பாத்திரம் கழுவிக்கொண்டு, வரவேற்பறையில் மின்னடுப்பு வைத்துச் சமைத்துக்கொண்டு நாங்கள் காத்திருந்தோம். தடை நீங்கியதும் “ரேட் மாறிப்போச்சு” என்று வந்தீர்கள்.

நாங்கள் காத்திருந்தது பெரிதல்ல. உங்களிடம் கூலி வேலை செய்த பேல்தார் பையன் அந்த வாரங்களில் எதைச் சாப்பிட்டான்? இப்படி ஒரு தடைக்காலத்தில் பதிவு பெற்ற கட்டடத் தொழிலாளர்களுக்கு 8,000 ரூபாய் தருவதாகச் சொன்ன தில்லி அரசு முதலில் 2,000 கொடுத்தது. மீதி 6,000 எங்கே என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கேட்கவேண்டியிருந்தது. அதுவும் பதிவு பெற்றவர்களுக்கு. லேபர் சௌக்கிலிருந்து காலையில் பைக்கின் பின்னால் ஏற்றிவரும் பையனை நீங்கள் எதிலும் பதிவு செய்ததில்லை. 2025 ஏப்ரலில் தில்லியில் திறன்சாராத் தொழிலாளிக்குச் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மாதம் 18,456 ரூபாய், நாளுக்கு ஏறத்தாழ 710 என்று இருந்தது. என்னிடம் வாங்கிய கூலிக்கணக்கில் அவனுக்கு அதைவிட அதிகம் போட்டிருந்தீர்கள். கையில் எவ்வளவு கிடைக்கிறது என்று அவனைக் கேட்டேன். அவன் பதில் சொல்லாமல் உங்கள் முகத்தைப் பார்த்தான். உங்கள் கணக்கில் எனக்கு மிகவும் வெட்கம் தந்த வரி அதுதான்.

இந்தக் கலை எங்கள் சொசைட்டியோடு நிற்பதில்லை. சிவில் லைன்ஸில் 6, ஃப்ளாக்ஸ்டாஃப் ரோடில் அன்றைய முதல்வர் இல்லத்தைப் புதுப்பிக்க முதலில் போட்ட மதிப்பீடு 7.91 கோடி, வேலை ஒப்படைக்கப்பட்டது 8.62 கோடிக்கு, 2022-ல் முடிந்தபோது ஆனது 33.66 கோடி என்று தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கையை மேற்கோள் காட்டி 2025 ஜனவரியில் நாளிதழ்கள் எழுதின. கட்சிச் சண்டை ஒருபுறம் இருக்கட்டும். அங்கே கேள்வி கேட்க ஒரு தணிக்கையாளர் இருந்தார். வீட்டுச் சமையலறைக்கு அப்படி ஒருவர் இல்லை.

ஆனால் வழி இல்லை என்று சொல்லமுடியாது. நாடெங்கும் பொறியாளர்கள் கையில் வைத்திருக்கும் விலைப் பட்டியலுக்கே ‘தில்லி ஷெட்யூல் ஆஃப் ரேட்ஸ்’ என்றுதான் பெயர். மத்தியப் பொதுப்பணித் துறை வெளியிடுவது. டைல்ஸ் பதிப்பதற்கு, கல் போடுவதற்கு, பழைய பூச்சைக் கொத்தி எடுப்பதற்கு, இடிபாட்டை அப்புறப்படுத்துவதற்குத் தனித்தனி விலை. அதில் ஒப்பந்தக்காரரின் லாபமும் மேற்செலவும் 15 சதவீதம் வெளிப்படையாகச் சேர்ந்திருக்கிறது. உங்கள் லாபத்தை யாரும் பறிக்கச் சொல்லவில்லை, டேக்கேதார்ஜி. வீட்டுக்காரர் நடுவில் ஆசைப்பட்டுக் கூட்டினால் அதற்கும் அவர் கொடுக்கத்தான் வேண்டும். முதல் நாளே தெரிந்ததை முதல் நாளே எழுதுங்கள் என்பதுதான் கோரிக்கை. கடைசியில் ஆன ஐந்து லட்சத்தை அன்றே சொல்லியிருந்தால், ஒரு வருஷம் பொறுத்திருப்போம்; இல்லை, மேல் அலமாரியை விட்டிருப்போம். சுவர் இடிந்த வீட்டில் பேரம் பேசும் நிலைக்கு வந்திருக்கமாட்டோம்.

இதைப் படிக்கும் தில்லித் தமிழர்களுக்கு ஒரு வார்த்தை. ஒற்றை வரி எஸ்டிமேட்டுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். இடிப்பதற்கும் மல்பா எடுப்பதற்கும் மட்டும் முதலில் தனி ஒப்பந்தம் போட்டு, உள்ளே இருக்கும் குழாயைக் கண்ணால் பார்த்த பிறகு மீதி வேலைக்கு வரிவரியாக விலை பேசுங்கள். லேமினேட் ஒட்டும் முன் பலகை முத்திரையைப் படம் எடுத்து வையுங்கள். 18 சதவீத ஜி.எஸ்.டி. மிச்சம் என்று கச்சா பில்லுக்குத் தலையாட்டவேண்டாம். வீடு கட்டும் பணியும் நுகர்வோர் சட்டத்தில் சேவைதான், 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். அங்கே முதலில் கேட்கப்போவது பக்கா பில்லைத்தான்.