பழி ஒரு பக்கம், புகை ஒரு பக்கம்

தம்பி, கட்டுகஸ்தோட்டையில நீ ஒரு எம்.ஜி.ஏ. வாங்கி நிறுத்தியிருக்கியாம், ஊரே பேசுது. இந்தப் பக்கத்துல எம்.ஜி.ன்னா எங்களுக்கு நாவலப்பிட்டியில பிறந்தவர்தான் ஞாபகம் வரும். அவருக்குப் பின்னால ஒரு 'ஆர்', உன் காருக்குப் பின்னால ஒரு 'ஏ'. அவருக்குப் பின்னால கூட்டம் ஓடுச்சு; உன் காருக்குப் பின்னால தள்ளுறதுக்கு நாலு பேர் ஓடுறாங்க.

கேட்டா, காப்ரேட்டர் சரியில்லங்கிற. பாவம் அந்த எஸ்.யூ. காப்ரேட்டர்! தொரைமார் மொறிஸ் மைனர் ஓட்டின காலத்துல இருந்து அதுக்குக் கெட்ட பேர்தான். மாமியார் வீட்டுல பால் பொங்கி வழிஞ்சாலும் பழி மருமக மேலதானே? உன் கார்ல மருமக ரெண்டு பேர், அதனால பழி சுமத்துறதும் சுலபம். அதைக் கண்டுபிடிச்ச ஸ்கின்னர் குடும்பம் சப்பாத்து வியாபாரிங்க. முதல்ல செஞ்சதுக்கு உள்ள தோல் துருத்திதான் வச்சாங்க. நூறு வருசம் தாண்டின சாமான். அதுக்குள்ள ரகசியம் ஒண்ணும் இல்ல. உன் கைக்குத்தான் பொறுமை இல்ல.

முதல்ல பொயின்ட்டப் பாரு. 15 தௌ இடைவெளி இருக்கா? பிளக், வால்வு இடைவெளி சரியா? இதெல்லாம் பார்க்காம காப்ரேட்டரைத் திருகினா, இருந்த ஒரு கோளாறு மூணாகும். பாசுக்கு வருமானம், உனக்கு வைத்தெரிச்சல்.

பிறகு எஞ்சின ஸ்டார்ட் பண்ணாம சாவிய மட்டும் போட்டு, பின்பக்கம் காத குடு. பெற்றோல் பம்ப் டிக் டிக்னு அடிச்சு நிக்கணும். நிக்காம அடிச்சுக்கிட்டே இருந்தா எங்கயோ பெற்றோல் ஒழுகுது, இல்லாட்டி பைப்புல காத்து இழுக்குது. வாயில சுருட்டோட குனிஞ்சு தேடாத. காருக்கு முந்தி உன் மீசை ஸ்டார்ட் ஆகிடும். பெரும்பாலும் மிதவை அறையில நீடில் வால்வு அழுக்குல மாட்டியிருக்கும். பித்தளை மிதவையக் கழட்டிக் காதோரம் குலுக்கு. உள்ள சளக்குன்னா அது ஓட்டை. மிதக்கிறதுக்குப் பதிலா முழுகுது. மாத்திடு.

2022ல கியூ.ஆர். காட்டி, காருக்கு வாரம் 20 லீற்றர்னு வாங்கினோமே, மறந்துட்டியா? அப்ப மூடி வச்ச வண்டி எத்தனை! கிடந்த பெற்றோல் பிசினாகி, ஜெட்ட அடைச்சிடுச்சு. அதக் கம்பியால குத்தாத. ஊறவச்சு, காத்தடிச்சு எடு.

மேல இருக்கிற குடுவையக் கழட்டும்போது, இந்தப் பிஸ்டன் எந்தக் குடுவைக்குன்னு அடையாளம் போடு. அதுங்க ஜோடி ஜோடியா செஞ்சது. மாத்திப் போட்டா ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகாது. பளபளப்பாக்குறேன்னு எமரித்தாள் எடுத்தியோ, உன் கைய உடைப்பேன். பெற்றோலும் பருத்தித் துணியும் போதும். மாட்டின பிறகு பிஸ்டனத் தூக்கி விடு. 'டக்'னு தடையில்லாம விழணும். மேல ஊத்துற எண்ணெய் 20ம் நம்பர். அது இல்லாட்டி அக்சிலேட்டர் மிதிச்சதும் எஞ்சின் மூச்சுத் திணறும்.

இனி டியூனிங். ரப்பர் குழாய ஒரு முனை காதுல, மறுமுனை காப்ரேட்டர் வாயில வச்சுக் கேளு. ரெண்டுலயும் ஒரே 'ஸ்ஸ்' வரணும். வீட்டுக்காரிய ஒரு காதால கேட்டுப் பழகினவனுக்கு இது லேசான வேல. பிறகு பேனாக்கத்தி நுனியால பிஸ்டனத் துளி தூக்கு. சத்தம் சிறுசா ஏறி அடங்கினா சரி. ஏறி அங்கயே நின்னா பெற்றோல் கூட. தடுமாறிச் சாகப் பார்த்தா குறைவு. ஜெட் நட்டுக்கு ஆறு முகம். ஒரு தடவைக்கு ஒரு முகம்தான் திருப்பணும்: மேல ஏத்தினா பெற்றோல் குறையும், கீழ இறக்கினா கூடும். ஒண்ண மாத்தி ஓட்டிப் பாரு, பிறகு அடுத்ததைத் தொடு. ஒரே மூச்சுல ஆறையும் திருகினா, கடைசியில எது குத்தவாளின்னு உனக்கே தெரியாது.

பெரஹர நேரம் கண்டிக் குளத்தச் சுத்தி ட்ராபிக்ல மாட்டி, சூட்டுல நின்னுட்டா சோக்க இழுக்காத. பொனட்டத் திறந்து ஆறவிடு. போறவங்க வேடிக்கை பார்ப்பாங்க. நீ கார காட்டுறதுக்காகத் திறந்தவன் மாதிரி நில்லு.

கண்டி 500 மீற்றர் உயரம். கம்பளை, புஸ்ஸல்லாவை தாண்டி நுவரெலியா ஏறினா 1,868. அங்க காத்து மெலிசு, பெற்றோல் தூக்கலாகி பிளக் கறுக்கும். மகாகஸ்தொட்ட மலையேற்றப் போட்டிக்குப் போறவங்க திருகிக்கட்டும். அவங்களுக்குக் காரணம் இருக்கு. நீ போறது ஸ்ட்ரோபெரி திங்க. அங்க திருகினா, இறங்கி வந்ததும் கண்டியில கார் இருமும், மறுபடி காப்ரேட்டரைத் திட்டுவ.

ரம்பொடை ஏத்தத்துல சீ.டீ.பி. பஸ் உன்ன முந்திட்டுப் போனா ரோசப்படாத. அது டீசல் வண்டி, தம்பி. பழி போட அதுல காப்ரேட்டரே இல்ல. அதனாலதான் ட்ரைவர் ஒழுங்கா ஓட்டுறான்.