கர்ணனுக்கு மூன்று கொட்டேஷன்

தமிழ்நாட்டுப் பள்ளிச் சுற்றுலாவுக்கு எழுதப்படாத பாடத்திட்டம் ஒன்று உண்டு. ஆறாம் வகுப்பென்றால் வண்டலூர். ஏழாம் வகுப்பென்றால் மாமல்லபுரம். எட்டாம் வகுப்பென்றால் பிர்லா கோளரங்கம். ஒன்பதாம் வகுப்புக்கு ஏதாவதொரு தீம் பார்க். நாள் முழுக்கத் தண்ணீரில் சறுக்கிவிட்டு வருவதற்குப் பெயர் கல்விச் சுற்றுலா. பத்தாம் வகுப்புக்குச் சுற்றுலாவே கிடையாது, டெஸ்ட்தான். வெள்ளைப் புலிக்கும் சனிக்கிரகத்துக்கும் இந்த வரிசையில் இடமுண்டு. ஒரு மனிதர் கண்ணெதிரே நின்று ஆடிப் பாடி நடிப்பதைப் பார்ப்பதற்கு மட்டும் இடமில்லை.

கேட்டால், "பசங்க உட்கார மாட்டாங்க மிஸ்" என்பார்கள். 1918-ல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கியபோது மேடையில் நின்றவர்களே பசங்கதான். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே உருவானவர்கள். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர்கள். அந்தக் காலத்துப் பிள்ளைகள் விடிய விடிய மேடையில் நின்றார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளால் இரண்டு மணி நேரம் கீழே உட்கார முடியாது என்று நாமே தீர்ப்பு எழுதி, நாமே கையெழுத்தும் போட்டுவிட்டோம்.

தமிழ் மிஸ் என்ற முறையில் இந்தத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்தேன். எட்டாம் வகுப்பைத் தெருக்கூத்துக்கு அழைத்துப் போகலாம் என்றேன்.

"லேர்னிங் அவுட்கம் என்ன?" என்றார் பிரின்சிபால் மேடம்.

"பாரதக் கதை தெரிஞ்சுக்குவாங்க மேடம்."

"அதுதான் டிவியில வருதே?"

"டிவியில கர்ணனுக்கு வேர்க்காது மேடம்."

மேடம் என்னைச் சற்று நேரம் பார்த்தார். அந்த வருடம் கோளரங்கத்துக்குக் கேட்ட தேதி கிடைக்கவில்லை. அதனால் அனுமதி கிடைத்தது.

அனுமதிக்குப் பிறகுதான் சிக்கல் தொடங்கியது. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடப்பது பங்குனியிலிருந்து ஆடி வரை. பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து, கடைசியில் படுகளம், தீமிதி. அந்த மாதங்களில் பள்ளிக்கூடத்தில் முழு ஆண்டுத் தேர்வும் கோடை விடுமுறையும் இருக்கின்றன. பாண்டவர்கள் பள்ளி நாட்காட்டியைப் பார்த்துச் சண்டை போடவில்லை. போதாக்குறைக்குக் கூத்து ராத்திரி பத்து மணி வாக்கில் ஆரம்பித்து விடிந்தபிறகுதான் முடியும். ஆகவே, செய்யாறு பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு ஜமாவை, அதாவது கூத்துக் குழுவை, பிடித்து, எங்களுக்காக அவர்கள் ஊரிலேயே பகலில் ஆடச் சொல்லிக் கேட்டேன்.

"ஆடலாம்மா. எவ்ளோ நேரம்?" என்றார் கூத்து வாத்தியார்.

"ரெண்டு மணி நேரம்ங்க ஐயா."

போனில் பேச்சே இல்லை. பிறகு சொன்னார்: "அப்ப கர்ணன் பொறந்த கையோட செத்துடணும்."

எந்தக் கதை என்பது அடுத்த பஞ்சாயத்து. பாஞ்சாலி துகிலுரிதல் என்றதுமே மேடம் இரண்டு கையாலும் மறுத்துவிட்டார். அர்ச்சுனன் தபசு போடலாம் என்றார் வாத்தியார். அதில் அர்ச்சுனன் உயரமான தபசு மரத்தில் ஏறுவான் என்று தெரிந்ததும், "எய்ட் பி முழுக்கப் பின்னாலேயே ஏறும்" என்றார் மேடம். எய்ட் பி-யைத் தெரிந்தவர் யாரும் அதை மறுக்க முடியாது. கடைசியில் கர்ண மோட்சம் என்று முடிவானது.

"அதுல வயலன்ஸ் இருக்கா?"

"ஒரே ஒரு சாவுதான் மேடம்."

இதற்குள் கணக்குப் பிரிவிலிருந்து ஆள் வந்துவிட்டார். வெளியாளுக்குப் பணம் கொடுப்பதென்றால் மூன்று கொட்டேஷன் வாங்கவேண்டும் என்பது விதியாம். கர்ணனை யார் குறைந்த விலைக்குக் கொல்வார்கள் என்று மூன்று ஜமாக்களிடம் விசாரிக்க எனக்குத் தெம்பில்லை. ஒரே வாத்தியாரின் தொகையை எழுதி, 'மற்றவர்கள் கர்ணனைக் கொல்ல முன்வரவில்லை' என்று குறிப்புப் போட்டேன். கோப்பு நகர்ந்தது. யாரும் படிக்கவில்லை என்று புரிந்துகொண்டேன்.

பெற்றோர் வாட்ஸ்அப் குழு மட்டும் எல்லாவற்றையும் படிக்கும். 'கூத்து சிலபஸ்ல இருக்கா?' 'இன்டர்னல் மார்க் உண்டா?' 'கர்ணனா நடிக்கிறது சீரியல் ஆர்ட்டிஸ்டா?' 'என் பையன் வெயில்ல உட்கார மாட்டான், ஏசி உண்டா?' கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் போட்டேன்: 'வேப்ப மரம் உண்டு.'

பேருந்துப் பயணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எலுமிச்சம்பழமும் பிளாஸ்டிக் கவர்களும் அவற்றின் கடமையைச் செய்தன.

கோயிலுக்குப் பக்கத்துத் தாழ்வாரத்தில் பாய் விரித்து வேஷம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கேதான் எய்ட் பி முதல் தடவையாக வாயை மூடியது. கர்ணன் வேஷக்காரர் கையகலக் கண்ணாடியைச் சுவரில் சாய்த்துவைத்து, அரிதாரம் பூசிய முகத்தில் குச்சியால் ஒவ்வொரு வெள்ளைப் புள்ளியாக வைத்துக்கொண்டிருந்தார். மூச்சுவிட்டால் புள்ளி கலையுமோ என்று பிள்ளைகளும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். பிறகு அவர் எழுந்து நிற்க, இடுப்பைச் சுற்றித் துணிமேல் துணியாகக் கட்டினார்கள். கயிற்றை இறுக்குவதற்காக ஒருவர் அவர் முதுகில் முழங்காலை ஊன்றி இழுத்தார். "வலிக்காதாண்ணா?" என்றான் ஒருவன். "லூசா கட்டினா நடுக் கூத்துல அவுந்துடும் தம்பி. அது இன்னும் வலிக்கும்" என்றார் கர்ணன்.

கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு பதித்தவை. ஒருத்தி தூக்கிப் பார்த்து, "என் ஸ்கூல் பேக்கைவிட வெயிட் கம்மி" என்று அறிவித்தாள். அந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில், கர்ணனின் மனைவி பொன்னுருவி, கூந்தலும் வளையலுமாக உட்கார்ந்து போனில் யாரிடமோ நெல் மூட்டை விலையைப் பற்றிக் கட்டைக் குரலில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

பிரின்சிபால் மேடம் புறப்படும்போதே "பின் டிராப் சைலன்ஸ்" என்று உத்தரவிட்டிருந்தார். அதை நிறைவேற்ற பி.டி. மாஸ்டர் விசிலோடு வந்திருந்தார். பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, ஆளுக்கொரு விரலை உதட்டில் வைக்கச் சொன்னார். களரி கட்டினார்கள். மிருதங்கமும் டோலக்கும் முகவீணையும் ஹார்மோனியமும் சேர்ந்து எழுப்பிய சத்தத்தில் வேப்ப மரத்துக் காகங்களே இடத்தைக் காலிசெய்தன. எங்கள் பிள்ளைகள் மட்டும் உதட்டில் விரலோடு அசையாமல் இருந்தார்கள்.

கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் வந்தான். ஒரு பாட்டுப் பாடினான். ஒரு கோணங்கி ஆட்டம் போட்டான். சத்தமே இல்லை. நின்று, எங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வாத்தியாரிடம் கேட்டான்: "இன்னா வாத்தியாரே, அத்தினி புள்ளைங்களுக்கும் ஒரே நாள்ல பல்வலியா?"

முதல் சிரிப்பு அங்கே வெடித்தது. மாஸ்டர் சட்டென்று விசில் ஊதினார். கட்டியக்காரன் துள்ளிக் குதித்தான். "அதுக்குள்ள சங்கு ஊதிட்டாங்களே! யுத்தம் ஆரம்பிச்சிடுச்சா? கர்ணன் இன்னும் வேஷமே கட்டி முடிக்கலியே!" என்று தலையில் கைவைத்துக்கொண்டு ஓடினான். அதற்குப்பிறகு எய்ட் பி-யை யாராலும் அடக்க முடியவில்லை. மாஸ்டர் விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, பிள்ளைகளைவிடப் பலமாகச் சிரித்தார்.

இருவர் திரையைப் பிடித்தார்கள். திரைக்குப் பின்னாலிருந்து கர்ணன் பாடினான். சலங்கைக் கால் மட்டும் தெரிந்தது, பிறகு கிரீடத்தின் நுனி. திரை விலகியதும் அவன் சுழன்ற வேகத்தில் முதல் வரிசை பின்னால் சாய்ந்தது. நாட்டில் மாதம் மும்மாரி பொழிகிறதா என்று விசாரித்தான். கட்டியக்காரன் கைகட்டிச் சொன்னான்: "ஒரு மழை பேஞ்சாலே கலெக்டரு லீவு உட்டுடறாரு மகாராஜா. மூணு மழை கேட்டு இந்தப் புள்ளைங்கதான் மனு குடுத்திருக்குது." கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. சபாவில் உட்கார்ந்து பார்க்கும் கலைக்கு அமைதி வேண்டும். அதற்கும் பிள்ளைகளைப் பழக்கத்தான் வேண்டும். கூத்து வேறு சாதி. பேசுகிற கூட்டத்தை எதிர்பார்த்தே அதைக் கட்டியிருக்கிறார்கள். அதற்கென்றே ஓர் ஆளைப் பாதிக் கால் அஸ்தினாபுரத்திலும் பாதிக் கால் செய்யாற்றிலுமாக நிறுத்தியிருக்கிறார்கள். புரிசைக் கூத்துக் குழுவினர் பிரெக்டின் நாடகத்தையும் மார்க்வெஸின் கதையையும் கூத்தாக ஆடியிருக்கிறார்கள். ஜெர்மனிக்கும் கொலம்பியாவுக்கும் இடம் கொடுத்த களரியில் எய்ட் பி-க்கா இடமில்லாமல் போய்விடும்?

கதை முடிவுக்கு வந்தது. தேர்க்கால் புதைந்து, உடம்பெல்லாம் அம்பாகக் கர்ணன் சாய்ந்திருக்கிறான். கண்ணன் கிழப் பிராமணனாக வந்து, செய்த புண்ணியத்தையெல்லாம் தானமாகக் கேட்கிறார். கடைசி வரிசையிலிருந்து ஒருவன் எழுந்து, "குடுக்காதீங்கண்ணா! அது கிருஷ்ணர்! சீட்டிங்!" என்று கத்தினான். அவ்வளவுதான், வகுப்பே எழுந்துவிட்டது. பி.டி. மாஸ்டரும் எழுந்துவிட்டார். கர்ணன் அந்தப் பையனை நிமிர்ந்து பார்த்து, "தெரியும் தம்பி. தெரிஞ்சுதான் குடுக்கறேன்" என்றார். அந்த வரி எந்த வசன நோட்டிலும் இல்லை என்று பிறகு வாத்தியார் சொன்னார். மேடம் கேட்ட சைலன்ஸ் அந்த இடத்தில்தான் கிடைத்தது, விசில் இல்லாமலே.

ஆட்டம் முடிந்து கேள்வி நேரம். "இவ்ளோ வசனம் எப்படி அண்ணா மனப்பாடம் பண்ணீங்க?" என்றாள் ஒருத்தி. பத்துக் குறளுக்குப் பத்து நாள் தவணை கேட்பவள் அவள். "சின்னப் புள்ளையிலேர்ந்து கேட்டுக் கேட்டு வந்துடுச்சும்மா" என்றார் கர்ணன். இதைக் கேட்க எனக்கு ஆச்சரியமில்லை. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கலில் பி. ராஜகோபால் 2002-ல் தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலத்தில் பள்ளிப் பாடத்தோடு கூத்தையும் படித்த பிள்ளைகள் இருந்தார்கள். பெண் பிள்ளைகளும் கிரீடம் கட்டி ஆடினார்கள். மனப்பாடம் பிள்ளைகளுக்கு வராத வித்தையே இல்லை. நாம் கொடுக்கிற சரக்கில்தான் கோளாறு.

பள்ளிக்குத் திரும்பியதும் எல்லோரும் சுற்றுலாவைப் பற்றி ஒரு பக்கக் கட்டுரை எழுதவேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. எழுதினார்கள். 'நாங்கள் காலை ஆறு மணிக்குப் பேருந்தில் ஏறினோம்' என்று தொடங்கி, 'மகிழ்ச்சியுடன் வீடு திரும்பினோம்' என்று முடிந்தன எல்லாக் கட்டுரைகளும். நடுவில் லெமன் ரைஸ் இருந்தது. கர்ணன் இல்லை.

உண்மையான கட்டுரை சாப்பாட்டு இடைவேளையில் வராந்தாவில் நடந்தது. இருவர் ஒரு ஸ்வெட்டரைத் திரையாகப் பிடித்திருந்தார்கள். பின்னாலிருந்து ஒருவன் பாடினான். திரை விலகியது. வந்தது கர்ணன் இல்லை, பிரின்சிபால் மேடம். "ராஜ்யத்தில் லேர்னிங் அவுட்கம் மாதம் மும்முறை பொழிகிறதா?" என்று கேட்டது. அதற்கு நான் நூற்றுக்கு நூறு போட்டேன், மனதுக்குள்.

இதைப் படிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த வருடம் ஒரு வகுப்பையாவது கூத்துக்கோ, பொம்மலாட்டத்துக்கோ, நாடகத்துக்கோ அழைத்துப் போங்கள். கூத்து என்றால் விசிலை ஸ்டாஃப் ரூமிலேயே வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்து கட்டுரை கேட்காதீர்கள். பள்ளி நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை உண்டு. எங்கள் கர்ணனுக்கான காசோலை, நான்கு கையெழுத்து வாங்கி, இரண்டு மாதம் கழித்துத்தான் அவர் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. பேசிய பணத்தை ஆட்டம் முடிந்த அன்றைக்கே கையில் கொடுத்துவிடுங்கள். தானம் கொடுப்பது கர்ணன் வேலை. கூலி கொடுப்பது நம் வேலை.