நடு எஞ்சின் வாகனத்தில் ஆல்டர்னேட்டர் மாற்றல்: ஒரு திணை ஆய்வு

1. ஆய்வு எல்லை

எஞ்சினை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில் வைத்தால் பாரம் நடுவில் திரளும். வண்டி வளைவில் சட்டென்று திரும்பும். எஞ்சினை முதுகுக்குப் பின்னால் வைத்த கூப்பர் காரில் ஜாக் பிராபம் 1959இல் உலகப் பட்டம் வென்று இதை நிறுவினார். 1966இல் லம்போர்கினி மியூரா இதைப் பணக்காரர் வாசலுக்குக் கொண்டுவந்தது. 1984இல் டொயோட்டா எம்ஆர்2 மாதச் சம்பளக்காரருக்கும் ஆசை காட்டியது.

அறிஞர்கள் இத்துடன் பட்டியலை மூடிவிடுகிறார்கள். கோல சிலாங்கூரிலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் ஓடிய நிசான் வேனெட்டும் டொயோட்டா லைட்ஏஸும் அவர்கள் கண்ணில் படவில்லை. இவற்றிலும் எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில், முன் அச்சை ஒட்டிப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறது, தள்ளுவதும் பின்சக்கரங்களே. ஆகவே பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கும் அம்மாக்களை ஃபேக்டரிக்கும் ஏற்றிச் சென்ற வேன், இலக்கணப்படி ஒரு கிளாசிக் நடு எஞ்சின் வாகனம். ஸ்போர்ட்ஸ் கார் ஆகாது என்பவர், புக்கிட் ரோத்தான் பக்கம் செம்பனைக்கு நடுவே போகும் செம்மண் பாதையில் ஒருமுறை பின்சீட்டில் வந்து பார்க்கட்டும்.

2. முதற்பொருள்

நிலம்: கம்போங் குவாந்தான், சிலாங்கூர் ஆற்றங்கரை. பொழுது: யாமம்.

பொழுதுக்குக் காரணம் உண்டு. ஆல்டர்னேட்டர் கெட்டு சார்ஜ் ஏறாவிட்டாலும் பகலில் பேட்டரியில் மிச்சமிருக்கும் மின்சாரத்தை வைத்தே வேன் கொஞ்ச தூரம் சமாளிக்கும். இருட்டியதும் ஹெட்லைட், வைப்பர், ஃபேன் எல்லாம் சேர்ந்து கேட்கும்போதுதான் குட்டு உடைகிறது. இந்தக் கம்பத்துக்கோ ஜனங்கள் வருவதே இருட்டிய பிறகுதான், மின்மினி பார்க்க. பெரெம்பாங் மரங்களில் ப்டெராப்டிக்ஸ் டெனர் என்ற இனத்தின் ஆண் பூச்சிகள் ஒரே தாளத்தில் மின்னுகின்றன. லூசிஃபெரின் என்ற பொருள் உடம்புக்குள்ளேயே ஆக்சிஜனோடு சேர்ந்து, சூடே இல்லை எனும்படியான வெளிச்சம் தருகிறது. பெல்ட் கிடையாது, கார்பன் கிடையாது. பார்க்கப் போகும் படகுக்கும் துடுப்புதான். அந்த வட்டாரத்திலேயே ஆல்டர்னேட்டரை நம்பி வந்த ஒரே ஜீவன் கரையில் நிற்கும் வேன்.

3. கருப்பொருள்

தெய்வம்: வண்டி பழுதுபார்க்கும் போமன். உணவு: தே ஓ, ரொட்டி சானாய். மரம்: செம்பனை. பறை: குரல் கம்மிய ஹார்ன். விளக்கு: மீட்டரில் எரியும் சிவப்பு பேட்டரிப் படம், வண்டியில் ஒழுங்காக எரிவது அது ஒன்றே.

கருவி: ஆல்டர்னேட்டர். எஞ்சின் பெல்ட்டைச் சுற்றுகிறது. பெல்ட் உள்ளே இருக்கும் ரோட்டரைச் சுற்றுகிறது. சுற்றியுள்ள செம்புக் கம்பிச் சுருள்களில் மாறுமின்சாரம் பிறக்கிறது. டயோடுகள் அதை நேர்மின்சாரமாக்க, ரெகுலேட்டர் 14 வோல்ட்டை ஒட்டி நிறுத்துகிறது. ரோட்டருக்கு மின்சாரம் ஊட்டும் கார்பன் தேய்ந்து விரல்நகம் அளவானதும் இந்தக் குடும்பமே பிரிகிறது.

4. உரிப்பொருள்

ஐந்திணை ஒழுக்கம் ஐந்தும் ஒரே வேலையில் நிகழ்வதை இங்கே காணலாம்.

ஊடல்: சீட்டைத் தூக்க வேண்டுமே என்று முன்சீட்டிலிருந்து இறக்கிவிடப்பட்ட மனைவியின் "அன்னிக்கே சொன்னேன்ல?"

இருத்தல்: விடிந்து, பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் பொத்தோங் கடை திறக்கும்வரை.

பிரிதல்: முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்ற வேண்டும். ஆல்டர்னேட்டரின் பின்பக்கத் தடித்த வயரில் எப்போதும் மின்சாரம் இருக்கும். ஸ்பேனர் தவறிப் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். பிறகு சரிக்கட்டும் போல்ட்டைத் தளர்த்தினால் பெல்ட் கழன்று வரும்.

இரங்கல்: அடி போல்ட்டின் நட்டு கைநழுவி விழுவது. அது தரைக்கு வராது. எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே, கண்ணுக்குத் தெரிந்து விரலுக்கு எட்டாத இடத்தில் தங்கும். சுற்றி நிற்பவர்கள் ஆளுக்கொரு பக்கத்திலிருந்து டார்ச் அடிப்பார்கள். அத்தனை வெளிச்சமும் போமன் கண்ணில்தான் விழும்.

புணர்தல்: வந்து சேர்ந்த ஆல்டர்னேட்டரின் துளையும் பழைய போல்ட்டும் நேர்ப்படுவது. இதன் முன்னுரையாக ஓர் உரையாடல் பதிவாகியுள்ளது:

"அண்ணே, புதுசு போடவா, பொத்தோங் போடவா?"

"பொத்தோங் போடு தம்பி. புதுசு போட்டா வேன் கூச்சப்படும்."

பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 1 சென்டிமீட்டர் அமுங்க வேண்டும். தொய்ந்தால் கிரீச்சிடும், இறுக்கினால் பேரிங் போகும். ஸ்டார்ட் செய்து மீட்டரை வைத்தால் 14 வோல்ட் வர வேண்டும். வந்தால் தே ஓ.

5. முடிவு

எஞ்சினை நடுவில் வைத்தவர்கள் வளைவை நினைத்தார்கள், முழங்கையை நினைக்கவில்லை. ஓட்டுபவர் அனுபவிக்கும் சுகத்துக்கு போமனின் தோல் வரி கட்டுகிறது. இந்த வரியில் வேன் கருணை காட்டுகிறது: நடு எஞ்சின் ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றில் காரையே தூக்கி அடியிலிருந்து கை நுழைக்க வேண்டும், வேனில் சீட்டைத் தூக்கினால் போதும். ஆகவே மியூராவை விட வேனெட் உயர்ந்தது என இவ்வாய்வு துணிகிறது.

பரிந்துரைகள் இரண்டு. ஒன்று, ஆல்டர்னேட்டரோடு பெல்ட்டையும் மாற்றிவிட வேண்டும். சில வெள்ளியை மிச்சம்பிடித்தால் சீட்டை மறுபடி தூக்க நேரும், ஊடலும் மறுபடி தொடங்கும். இரண்டு, விழுந்த நட்டைத் தேட வேண்டாம். அடுத்து வரும் ஆய்வாளருக்கும் தரவு வேண்டுமல்லவா?