மணிக்கட்டு வஸ்தாது

விரல்களுக்குள் தசை கிடையாது. விரலை மடக்குகிற பெரிய தசைகள் எல்லாம் முழங்கைக்குக் கீழே, முன்கையில் சௌகரியமாக உட்கார்ந்திருக்கின்றன. அங்கிருந்து தசைநாண்கள் மணிக்கட்டைத் தாண்டி விரல் வரைக்கும் போகின்றன. மேலே இருப்பவர் இழுப்பார், கீழே இருப்பவர் வேலை செய்வார். எங்கள் வீட்டு நிர்வாகமும் இப்படித்தான் நடக்கிறது என்பதால் உடற்கூறு எனக்குச் சட்டென்று பிடிபட்டது.

ஐம்பதைத் தாண்டியவனுக்கு இந்த ஞானமெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் குடியிருப்பில் நடந்த மருத்துவ முகாம்தான் காரணம். சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்துவிட்டு, டைனமோமீட்டர் என்று ஒரு கருவியைக் கையில் கொடுத்தார் பிசியோதெரபிஸ்ட் அம்மணி. "நல்லா அழுத்துங்க சார்." பல்லைக் கடித்து, கண்ணை மூடி, குலதெய்வத்தை நினைத்து அழுத்தினேன். "ம், ஆரம்பிங்க சார்" என்றார். ஆரம்பித்து முடித்தே விட்டேன் என்று நான்தான் அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

ஆசிய நாடுகளின் நிபுணர் குழு 2019-இல் வகுத்த அளவுப்படி, கைப்பிடி வலு ஆணுக்கு 28 கிலோவுக்குக் கீழேயும் பெண்ணுக்கு 18 கிலோவுக்குக் கீழேயும் போனால் பலவீனம். எனக்கு 29. பாஸ் மார்க்தானே என்று மார்பை நிமிர்த்துவதற்குள், அடுத்து வந்த என் மனைவி பக்கத்து வீட்டம்மாவிடம் பேச்சை நிறுத்தாமலேயே அழுத்தி 31 வாங்கினாள்.

மாடி வீட்டு நண்பர் ஆறுதல் சொல்ல வந்தார். வந்தவர் சும்மா இருந்திருக்கலாம். 2015-இல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்ததாம். இந்தியா உட்பட 17 நாடுகள், ஏறத்தாழ 1,40,000 பேர். பிடி 5 கிலோ குறைந்தால் மரண அபாயம் 16 சதவீதம் கூடுகிறதாம். பிடி தளர்வதால் ஆயுள் குறைகிறதா, உடம்பு உள்ளுக்குள் தேய்வதைப் பிடி காட்டிக்கொடுக்கிறதா என்பது வேறு விஷயம். அந்தப் பகுதியை விட்டுவிட்டு, காபியை மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

அன்றிரவே ஹேண்ட் கிரிப்பர் ஆர்டர் செய்தேன். காலையில் செய்தித்தாளோடு, மாலையில் சீரியலோடு, தினமும் கிறீச் கிறீச்சென்று அழுத்தினேன். கொஞ்ச நாளில் முழங்கையின் வெளிப்பக்கம் வலி எடுத்தது. டாக்டர் அதற்கு டென்னிஸ் எல்போ என்று பெயர் சொன்னார். டென்னிஸ் மட்டையைக் கடையில்கூடத் தொட்டுப் பார்த்தவனில்லை நான். இருந்தாலும் அலுவலகத்தில் அந்தப் பெயரைச் சற்று உரக்கவே சொல்லிக்கொண்டேன்.

பிசியோதெரபிஸ்ட் அம்மணிதான் வழிக்குக் கொண்டுவந்தார். தசை சீக்கிரம் வலுப்பெறும், தசைநாண் ஆற அமரத்தான் வரும். அதனால் வாரத்துக்கு இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள் போதும். நடுவே ஓய்வு வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் என்றால் ஒரு கிலோ, தொடங்குகிறவனுக்கு அது தாராளம். முன்கையை மேசைமேல் கிடத்தி, மணிக்கட்டு மட்டும் விளிம்புக்கு வெளியே நிற்கும்படி வைத்து, உள்ளங்கை வானம் பார்க்கப் பத்துப் பன்னிரண்டு தடவை பாட்டிலை உயர்த்தி இறக்க வேண்டும். பிறகு உள்ளங்கை பூமி பார்க்க அதே மாதிரி. இந்த இரண்டாவதில்தான் மானம் போகும். அரை பாட்டிலாகக் குறைத்துக்கொண்டேன். கீரைக்கட்டில் வரும் ரப்பர் பேண்டை ஐந்து விரல் நுனியிலும் மாட்டி விரிக்க வேண்டும். ஏனென்றால் நாமெல்லாம் மூடத்தான் பழகுகிறோம், திறக்கும் தசைகளைக் கேட்பாரில்லை. முழங்கை வலிக்கு அதுவும் ஒரு காரணம். மூச்சை அடக்கிக்கொண்டு அழுத்தக் கூடாது, ரத்த அழுத்தம் ஏறும். கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போனால் பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். மணிக்கட்டுக்குள் நரம்பு நெருக்கப்படுவதன் அறிகுறியாக இருக்கலாம்.

இத்தோடு நான் நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. பேஸ்பால் ஆட்டக்காரர்கள் வாளி நிறைய அரிசி கொட்டி, அதில் மணிக்கட்டு வரை கையைப் புதைத்து விரல்களை மூடித் திறந்து பயிற்சி செய்வார்கள். மூடும்போதும் எதிர்ப்பு, திறக்கும்போதும் எதிர்ப்பு. வாளி எதற்கு, சமையலறையில் பொன்னி அரிசி டிரம் இருக்கிறதே என்று இறங்கிவிட்டேன். "அன்னத்துல கையை விட்டு என்னடா விளையாட்டு?" என்றாள் அம்மா. "உங்க அப்பா காலத்துல கர்லா கட்டை சுத்துவாங்க." எங்கள் ஹாலில் கர்லா கட்டை சுற்றினால் முதலில் மின்விசிறி, அப்புறம் டிவி. மனைவி மட்டும் கோபித்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எப்படியும் துழாவறீங்க, வண்டு இருந்தா பொறுக்கிடுங்க" என்றாள்.

அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். அதை விட்டு, பிடிகளில் மூன்று வகை உண்டு என்று அவளுக்குப் பாடம் எடுத்தேன். நசுக்கும் பிடி, கிள்ளும் பிடி, தாங்கும் பிடி. ஜல்லிக்கட்டில் திமிலை விடாமல் பற்றிக்கொள்கிறார்களே, அதில் தாங்கும் பிடிதான் பிரதானம் என்று உதாரணம் வேறு. அவள் ரொம்ப சிரத்தையாகக் கேட்டாள். இத்தனை வருஷ தாம்பத்தியத்தில் நான் பேசியதை அவள் அவ்வளவு கவனமாகக் கேட்டு நான் பார்த்ததில்லை.

மறுநாள் முதல் பயிற்சித் திட்டம் அவள் கைக்குப் போயிற்று. தாங்கும் பிடிக்கு கேஸ் சிலிண்டர். உள்ளே 14.2 கிலோ, இரும்பு ஏறக்குறைய அதே எடை, ஆக முப்பது கிலோ சொச்சத்தை வாசலிலிருந்து அடுப்படிக்கு. கிள்ளும் பிடிக்குப் பூண்டு உரிப்பது, ஊறவைத்த மொச்சையைப் பிதுக்குவது. மணிக்கட்டுச் சுழற்சிக்குத் தேங்காய்த் துருவல். போர்வை பிழிய வாஷிங் மெஷின் எதற்கு, அதுக்கென்ன கை வலுவாகணுமா என்று கேட்டாள். நியாயமான கேள்வி. பதில் தேடுவதற்குள் ஈரப் போர்வை என் தோளில் விழுந்தது.

அந்த நேரம் பார்த்துத் தீபாவளி வந்தது.

பளுவைப் படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும் என்பது எந்தப் பயிற்சிக்கும் விதி. ஜிம்மில் இரும்புத் தட்டுகளை மாட்டி ஏற்றுவார்கள். என் மனைவி முறுக்குப் பிழியும் அச்சை மாற்றி ஏற்றினாள். முதலில் ரிப்பன் பக்கோடா: நீளமான கீற்று, மாவு தானாக இறங்கும். அடுத்தது தேன்குழல். கடைசியில் ஓமப்பொடி. துளை சிறுக்கச் சிறுக்க எதிர்ப்பு பெருகும் என்பதை எந்தப் புத்தகமும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. ஓமப்பொடி அச்சில் ஒரு சுற்றுப் பிழிந்து முடித்ததும் கையெழுத்துப் போட வராமல் போயிற்று. "ஓய்வு நாள் விடணும்னு சொல்லியிருக்காங்க" என்று முனகினேன். "செட்டுக்கு நடுவுல ஓய்வு உண்டு. எண்ணெய் காயட்டும்" என்றாள். செட் என்ற சொல்லை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்தான். பிறகு மாடி வீட்டு நண்பரின் மனைவியும் மாவைப் பிசைந்து எடுத்துக்கொண்டு வந்தார். "உங்க வீட்டுக்காரர் பயிற்சி எடுக்கறாராமே?"

அடுத்த முகாமில் எனக்கு 33 கிலோ. பொய்யில்லை, கை நிஜமாகவே தேறியிருக்கிறது. ஊறுகாய் பாட்டில் மூடியை இப்போது நானே திறக்கிறேன், சில சமயம் முதல் முயற்சியிலேயே. மனைவி சோதனைக்கு வரவில்லை. அவள் கைக்கு இப்போது வேலை இல்லை என்பதால் அளந்து என்ன ஆகப்போகிறது என்றாள்.

புதிதாகத் தொடங்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. கிரிப்பர் வாங்காவிட்டால் குடி முழுகாது. தண்ணீர் பாட்டிலும் ரப்பர் பேண்டும் போதும். மூன்று வகைப் பிடி பற்றி வீட்டில் மூச்சு விடாதீர்கள். முக்கியமாக, மாதம் பார்த்துத் தொடங்குங்கள். ஐப்பசி என்றால் முறுக்கு, தை என்றால் மொச்சை, பங்குனி சித்திரை என்றால் வடாம், அதற்கும் அதே அச்சுதான். ஆனியில் தொடங்கி, புரட்டாசி முடிவதற்குள் முழங்கை வலி என்று சொல்லி நிறுத்திவிடுங்கள்.