ஓட்டை சிறுசுதான் மாப்ளே!

அட்சதை போடக் கையைத் தூக்குனீரு. அரிசி பொண்ணு மாப்பிள்ளை தலையில விழுறதுக்குள்ள நீரு விழுந்துட்டீரு. கெட்டிமேளத்தை நிறுத்தணுமா வேண்டாமான்னு தெரியாம மேளக்காரன் முழிக்கான். பந்தியில அன்னைக்கு ஒருத்தனும் சாம்பாரைக் குறை சொல்லலை வே, உம்ம தோள்பட்டை பேச்சுதான் எலைக்கு எலை ஓடுச்சு. களத்துமேட்டுல வழுக்கி விழுந்து ஒருதரம் எறங்கின தோளு, இப்போ பஸ்ல மேல்கம்பியைப் பிடிச்சா எறங்குது, பரண்ல இருக்க உருளியை எடுத்தா எறங்குது. மண்டபமும் பாத்தாச்சு. இனி கோயில் கொடைதான் பாக்கி.

கேட்டா ரெண்டு வாயில பேசுதீரு. காலையில, "வயசாயிட்டு மச்சான், இனி என்ன ஆபரேசன்?" சாயங்காலம் டீக்கடையில, "துளை ஆபரேசனாம், மூணே ஓட்டையாம், மறுநாளே வயலுக்குப் போயிரலாமாம்." ரெண்டும் தப்பு. ஆனா ரெண்டையும் எம்புட்டு நம்பிக்கையாச் சொல்லுதீரு பாரும், அதுக்கே உமக்கு ஒரு மாலை போடலாம். கழுத்தைக் குனிஞ்சு வாங்கிக்கிடும், கையைத் தூக்கிராதீரு.

என் பேத்தி பிசியோதெரபி படிச்சவ. அவகிட்ட ராத்திரி ராத்திரியா நச்சரிச்சுக் கேட்டு வச்சிருக்கேன். தோள்மூட்டுங்கிறது சின்னத் தட்டுமேல உக்காந்திருக்க பெரிய எலுமிச்சம்பழம். தட்டுக்குக் குழி ஆழம் கிடையாது. அதனாலதான் கை எல்லாப் பக்கமும் சுத்துது, அதனாலதான் நழுவவும் செய்யுது. நழுவாமக் காக்க விளிம்பைச் சுத்தி ஒரு சவ்வு, மேல போர்த்தினாப்புல நாலு தசைநாரு. வயசுப்பயலுக்குக் கபடியில எறங்குனா அந்த விளிம்புச் சவ்வுதான் பெரும்பாலும் பிஞ்சுபோகும். இதை 1923லயே பேங்கார்ட்டுன்னு ஒரு இங்கிலீசுக்கார டாக்டரு எழுதி வச்சிருக்காரு. அந்தப் பயலுவளுக்குத் திரும்பத் திரும்ப எறங்கும்.

40 தாண்டுனா கதை மாறிருது. ஒருதரம் எறங்குனவனுக்கு மறுபடி எறங்குறது கம்மி. ஆனா மேல போர்த்தியிருக்க தசைநாரு கிழியும். 60 தாண்டுனா இன்னும் சுளுவாக் கிழியும். எலும்பு தேறலைன்னா தட்டோட ஓரமே சில்லு பேந்துரும். உமக்குத் திரும்பத் திரும்ப எறங்குதுன்னா உள்ள என்னமோ பெருசாப் போயிருக்கு. வாலிபன் வியாதி உமக்கும் வந்துட்டுன்னு மீசையை முறுக்கிட்டு அலையாதீரும்.

கழண்டதை மாட்டி விட்டப்புறமும் கையைத் தூக்க முடியலைன்னா, "நரம்பு அதிர்ச்சி, தானாச் சரியாயிரும்"னு ஊருல அம்பது பேரு சொல்லுவான். நரம்பு நசுங்கியும் இருக்கலாம், அப்படின்னா தோளோட வெளிப்பக்கம் மரத்துப் போகும், பெரும்பாலும் சில மாசத்துல திரும்பிரும். ஆனா தசைநாரு கிழிஞ்சிருந்தா அது காத்துக்கிட்டு இருக்காது. உள்ளுக்குச் சுருங்கி, சதையில கொழுப்பு ஏறிரும். அப்புறம் எந்தக் கெட்டிக்கார டாக்டராலயும் இழுத்துத் தைக்க முடியாது. நீரு அமாவாசை பாத்து, கெழக்கே சூலம் பாத்து, பேரன் பரீட்சை முடியட்டும்னு உக்காந்திருக்கீரு.

எண்ணெய் போட்டு நீவுறவருகிட்டப் போகட்டுமான்னு கேட்டீரு. திருப்பதிக்குப் பக்கத்துல இருக்க புத்தூரு கட்டு நம்ம ஊரு வரைக்கும் போர்டு மாட்டியிருக்கு, நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா படம் எடுத்துப் பாக்காம கெழட்டு எலும்பை ஒருத்தன் வெடுக்குன்னு இழுத்தா, எறங்குன தோளு ஒடிஞ்ச தோளாயிரும். அக்குள்ல ஓடுற ரத்தக்குழாயும் உம்ம வயசுல வெறைச்சுப் போய்த்தான் கிடக்கும், கிழிஞ்சாலும் கிழியும். பழங்காலத்துல கிரேக்கத்து ஹிப்போகிராடீஸு, தோளு அடிக்கடி எறங்குறவனுக்கு அக்குள்ல பழுக்கக் காச்சின இரும்பை வைக்கச் சொன்னாரு. பொசுங்கின இடம் தழும்பாகி இறுகிக்கிடுமாம். நீரு ஊசிக்கே கண்ணை மூடுறவரு.

துளை போட்டு மூட்டுக்குள்ள எட்டிப் பாத்த கதையும் கேளும். 1918ல டோக்கியோவுல கென்ஜி தகாகின்னு ஒரு டாக்டரு, மூத்திரப்பையைப் பாக்குற குழலை எடுத்து ஒரு பொணத்தோட முழங்காலுக்குள்ள விட்டுப் பாத்தாரு. "இது எந்த எடத்துக்கான சாமான், எங்க விடுதீரு?"ன்னு கேக்க நம்ம ஊருக்காரன் ஒருத்தனும் அங்க இல்லாமப் போனது உலகத்துக்கு நல்லதாப் போச்சு.

இப்போ தோளுல ஒவ்வொரு துளையும் ஒரு சென்டிமீட்டருக்குள்ள. ஒண்ணுல கேமரா, மத்ததுல ஆயுதம். உப்புத்தண்ணியை உள்ள பாச்சிக்கிட்டே இருப்பாவ. எலும்புல குட்டி ஆணியை எறக்கி, அதுல கோத்த நூலால பிஞ்சதை இழுத்துக் கட்டுவாவ. மறுநாள் தோளு புடைச்சு நிக்கும். பயில்வானாயிட்டோம்னு நினைச்சிராதீரும், தண்ணிதான், வடிஞ்சிரும். ஓட்டைதான் சிறுசு மாப்ளே, உள்ள நடக்குற வேலை பெருசு. தசைநாரு எலும்போட ஒட்டுறதுக்கு ஓட்டையோட அளவு தெரியாது. நாலஞ்சு வாரம் கையைப் பையில போட்டுத்தான் திரியணும், மம்பட்டி பிடிக்க மாசக்கணக்காகும். வேட்டியை என் தங்கச்சிதான் கட்டிவிடணும். கல்யாணமான நாள்ல இருந்து அவ சொல்லுக்குக் காது கொடுக்காதவரு நீரு. இடுப்பு முடிச்சு அவ கையில இருக்கப்போ என்ன பண்ணுதீருன்னு பாக்கணும்.

பிசியோ பயிற்சியை விட்டா மூட்டு இறுகிரும். சர்க்கரைக்காரனுக்கு இன்னும் சீக்கிரம் இறுகும். பீடி குடிக்கிறவனுக்குத் தைச்சது லேசுல ஒட்டாது. நான் யாரையும் பேரு சொல்லலை, உம்ம மடியில புடைச்சிட்டு இருக்கது மூக்குப்பொடி டப்பான்னே வச்சுக்கிடுவோம்.

எல்லாருக்கும் துளை ஆபரேசன் சரிப்படாது. எலும்பு நெறைய பேந்திருந்தா வேற எலும்பை எடுத்து வச்சுத் திருகணும். தசைநாரு தைக்கவே முடியாம நைஞ்சு, மூட்டும் தேஞ்சிருந்தா, பிரான்சுல கிராமோன்னு ஒருத்தரு 1985 வாக்குல கொண்டாந்த மாத்து மூட்டு இருக்கு: பந்து இருந்த எடத்துல கிண்ணம், கிண்ணம் இருந்த எடத்துல பந்து. அதுக்குத் திறந்துதான் செய்யணும். அடிக்கடி எறங்காம, வலியும் இல்லைன்னா பயிற்சியோட விட்டுருவாவ. இதுல வயசு ஒண்ணு மட்டும் குறுக்க நிக்காது. என்ன கிழிஞ்சிருக்கு, சதை எப்படி இருக்கு, மயக்க மருந்தை நெஞ்சு தாங்குமாங்கிறதுதான் கணக்கு.

அதனால டாக்டருகிட்டப் போயி "எத்தனை ஓட்டை?"ன்னு கேக்காதீரும். "என்ன கிழிஞ்சிருக்கு, தைச்சா ஒட்டுமா, தைக்காட்டா என்னாகும்?"னு கேளும். எக்ஸ்ரேயும் எம்ஆர்ஐயும் எடுத்துட்டு இந்த வாரமே போயிட்டு வாரும். தங்கச்சியையும் கூட்டிட்டுப் போம், பீடிக் கணக்கை டாக்டருகிட்ட அவ உள்ளபடி சொல்லிருவா.