மேஜை இழுப்பறையில் ஒரு பத்திரமான ஜீவன்

நம் மருத்துவமனைகளுக்குக் கதிர்வீச்சுப் பாதுகாப்பில் அக்கறை இல்லை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கே போவேன். என் தங்கை மகள் பயிற்சிக்குப் போன மருத்துவமனையில், எக்ஸ்ரே பிரிவில் ஒரு ஜீவன் மீது ஒரு துளி கதிர்கூடப் பட்டதில்லை. துறைத்தலைவரின் மேஜையில், ஸ்டேப்ளர் முள் டப்பாவுக்கும் போன தீபாவளி வாழ்த்து அட்டைக்கும் நடுவே, பூட்டிய இழுப்பறைக்குள் அது சுகமாகப் படுத்திருந்தது. அதன் பெயர் டிஎல்டி பேட்ஜ்.

எக்ஸ்ரே அறையில் வேலை செய்பவர் எவ்வளவு கதிர்வீச்சு வாங்கினார் என்று கணக்கு வைக்கும் சின்ன அட்டை அது. உள்ளே கால்சியம் சல்பேட்டில் டிஸ்ப்ரோசியம் கலந்த மூன்று வில்லைகள். கதிர் பட்டால் நினைவில் வைத்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சூடாக்கினால், பட்ட அளவுக்கு ஏற்ப ஒளிவிட்டு உண்மையைக் கக்கிவிடும். லஞ்சம் வாங்கத் தெரியாத சாட்சி. அதனால்தான் பூட்டி வைக்கிறார்கள்.

கேட்டால், "தொலைச்சா யாரு பணம் கட்டுறது?" என்பார்கள். நெஞ்சில், ஈய ஏப்ரனுக்கு உள்ளே குத்திக்கொள்ள வேண்டிய அட்டை மூன்று மாதம் இழுப்பறையில் தவம் இருந்துவிட்டு ஆய்வகத்துக்குப் போகும். அறிக்கை வரும்: பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். அதை ஃபைலில் போட்டுக்கொண்டால் ஆய்வுக்கு வருகிறவருக்கும் திருப்தி. ஒவ்வொரு கட்டு பேட்ஜுடனும் 'கன்ட்ரோல்' என்று ஒன்று வரும். அதை மட்டும் கதிர் படாத இடத்தில் வைக்க வேண்டும் என்பது முறை. இவர்கள் பாரபட்சம் பார்க்காதவர்கள். எல்லா பேட்ஜையும் கன்ட்ரோல் ஆக்கிவிட்டார்கள்.

"உன் பேட்ஜ் எங்கேம்மா?" என்று தங்கை மகளைக் கேட்டேன்.

"எனக்கு ஏது மாமா? அது ஸ்டாஃபுக்குத்தான். அவங்களோடதும் சார் டிராயர்லதான் இருக்கு."

"அப்ப நீ யாரு?"

"ஸ்டூடண்ட்."

"நேத்து நைட் டூட்டி பார்த்தது?"

"நான்தான். டெக்னீசியன் அண்ணா தூங்கப் போயிட்டாரு."

இந்த இடத்தில் சட்டம் படித்தவர்கள் யாராவது எனக்கு உதவ வேண்டும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்புப்படி, கதிர்வீச்சுப் பணியாளர் ஐந்து ஆண்டு சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் வரை வாங்கலாம். எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. பதினாறிலிருந்து பதினெட்டு வயதுக்குள் பயிற்சி பெறுகிறவருக்கு ஆண்டுக்கு 6. பொதுமக்களுக்கு 1. எங்கள் வீட்டுப் பெண் இதில் எந்த வரிசையில் நிற்கிறாள்? ராத்திரி கேஷுவால்டியில் தனியாக நின்று விபத்து கேஸ் எடுக்கும்போது அவள் பணியாளர். மாதம் பிறந்து சம்பளம் என்று வாயெடுத்தால் மாணவி. பேட்ஜ் கேட்டால் பொதுமக்களில் ஒருத்தி. கல்லூரிக்குக் கட்டணம் கட்டும் நாளில் மட்டும் 'எங்கள் குடும்பத்தில் ஒருவர்'. அவதாரங்கள் பத்தோடு நின்றுவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

குழந்தைக்கு எக்ஸ்ரே எடுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? குழந்தை கத்தும், புரளும். யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். கூட வந்த பெற்றோரோ உறவினரோ ஏப்ரன் போட்டுக்கொண்டு பிடிக்க வேண்டும், நாள்தோறும் கதிரோடு புழங்குகிற ஊழியர் பிடிக்கக் கூடாது என்பது முறை. காரணம் எளிது. அப்பாவுக்கு அது ஒரு நாள் கூத்து. ஊழியருக்கு அதுவே பிழைப்பு. ஆனால் அப்பாவுக்கு ஏப்ரன் மாட்டி, விளக்கம் சொல்லி, அவர் பயத்தைப் போக்குவதற்குள் வெளியே டோக்கன் வரிசை வாசலைத் தாண்டிவிடும். "ஏய் இன்டர்ன், வந்து பிடி" என்றால் இரண்டு வினாடி. அங்கே ஏப்ரன் இரண்டுதான். ஒன்று மடித்து மடித்தே உள்ளே ஈயம் வெடித்துப் போனது. மற்றொன்று அண்ணாவுக்கு. அண்ணா நிற்பது ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் என்பதால் அவருக்கு ஏப்ரன் எதற்கு என்று கேட்கக் கூடாது. கேட்டால் இன்டர்னல் மார்க் போய்விடும்.

ஆனாலும் இயற்பியலை அங்கே நன்றாகத்தான் நடத்துகிறார்கள். கதிர் வரும் இடத்திலிருந்து தூரத்தை இரண்டு மடங்காக்கினால் மேலே படும் கதிர் நாலில் ஒரு பங்காகும். இந்த விதியைக் கல்லூரி ஆசிரியர்கள் உயிராகக் கடைப்பிடிக்கிறார்கள். கல்லூரி ஓர் ஊரில், பயிற்சி இன்னோர் ஊரில். மாணவரிடமிருந்து எவ்வளவு விலகி இருக்கிறார்களோ அவ்வளவு நிம்மதி. அந்த ஒரு வருடத்தில் அவள் எப்படிப் படுக்க வைக்கிறாள், கதிர் விழும் பரப்பைச் சுருக்குகிறாளா, பெண் நோயாளியிடம் கடைசியாகத் தலைக்குக் குளித்தது எப்போது என்று கேட்கிறாளா என்று எட்டிப் பார்க்க ஒரு நாதி வரவில்லை. கற்பித்தலும் நாலில் ஒரு பங்கு, அப்புறம் பதினாறில் ஒரு பங்கு என்று தேய்ந்துகொண்டே போனது.

தேயாமல் வளர்ந்தது லாக் புக் மட்டும். இத்தனை செஸ்ட், இத்தனை ஸ்பைன், இத்தனை போர்ட்டபிள் எடுத்தேன் என்று எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டிய நோட்டு. பன்னிரண்டு மாதம் யாரும் அதைத் திறக்கவில்லை. தேர்வுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டல் கட்டிலில் மூன்று பெண்கள் சம்மணமிட்டு உட்கார்ந்து, மூன்று நிறப் பேனாக்களோடு, இல்லாத நோயாளிகளைப் படைக்கத் தொடங்கினார்கள். முருகன், 45, இருமல். லட்சுமி, 60, இடுப்பு வலி. விடிவதற்குள் ஒரு நடுத்தர ஊரே உருவாகிவிட்டது. பிரம்மா பார்த்திருந்தால் இன்டர்ன்ஷிப் கேட்டிருப்பார். காலையில் சார் ஒரே மூச்சில் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். மனிதருக்கு மணிக்கட்டு வீங்கியிருக்கும். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாரா தெரியவில்லை.

அந்த நோட்டில் எம்ஆர்ஐ போஸ்டிங் என்றும் ஒரு பகுதி உண்டு. எம்ஆர்ஐ மையத்தில் அவள் செய்த வேலை டோக்கன் கொடுத்தது, பில் புக் எழுதியது, டாக்டருக்குக் காபி வாங்கி வந்தது. அந்தக் காந்தம் ஸ்கேன் நடக்காத நேரத்திலும் உயிரோடுதான் இருக்கும் என்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. 2018 ஜனவரியில் மும்பை நாயர் மருத்துவமனையில், நோயாளியோடு வந்த உறவினர் ஒருவர் ஆக்சிஜன் சிலிண்டரோடு எம்ஆர்ஐ அறைக்குள் போய், காந்தம் இழுத்து இறந்துபோனார். வாசலில் நிற்கும் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒரே ஒரு பாடம் அது. நாம் அவளுக்குக் காபிக் கடைக்கு வழி கற்றுக்கொடுத்தோம்.

"இந்தக் காலத்து மெஷின்ல டோஸ் ரொம்பக் கம்மிங்க" என்பார்கள். உண்மைதான், கம்மிதான். ஆனால் அளந்துவிட்டுக் கம்மி என்றால் அது அறிவியல். அளக்காமல் கம்மி என்றால் அது கிளி ஜோசியம். எடிசனிடம் உதவியாளராக இருந்த கிளாரன்ஸ் டாலியும் எக்ஸ்ரே குழாய்க்கு முன்னால் பயமில்லாமல்தான் கையை நீட்டினார். கைகளை இழந்து 1904-இல் செத்தார். அப்போது அளக்கக் கருவி இல்லை, அவர்களை மன்னிக்கலாம். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனை வளாகத்தில், அப்படிச் செத்தவர்களுக்கு 1936-இல் நினைவுக் கல் வைத்தபோது அதில் 169 பெயர்கள் இருந்தன. நம்மிடம் கருவி இருக்கிறது, சாவியும் இருக்கிறது. என்ன மன்னிப்பு கேட்போம்?

நவம்பர் 8 வந்தால் மட்டும் துறையே ஜொலிக்கும். 1895-இல் ராண்ட்ஜன் எக்ஸ்கதிரைக் கண்டுபிடித்த நாள். எலும்புக் கை வரைந்த கேக் வெட்டுவார்கள். மாணவிகள் பட்டுப்புடவையில் கோலம் போட, பாதுகாப்பே பிரதானம் என்று துறைத்தலைவர் பேசுவார். கேக் வெட்டக் கத்தி தேடி அதே இழுப்பறையைத் திறப்பார். பேட்ஜை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கத்தியை எடுத்துக்கொள்வார். இதெல்லாம் நடக்கும் நாட்டில்தான் எக்ஸ்ரே டெக்னீசியன் போன்ற மருத்துவத் துணைத் தொழில்களின் படிப்பையும் பயிற்சியையும் நெறிப்படுத்த 2021-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றி, ஆணையமும் வைத்தது. சட்டமும் ஏதோ ஓர் இழுப்பறையில் பத்திரமாகத்தான் இருக்கும்.

பிளஸ் டூ முடித்த பிள்ளையை இந்தப் படிப்பில் சேர்க்கப் பணத்தோடு வரிசையில் நிற்கும் பெற்றோரே, கவுன்டரில் ரசீது வாங்குவதற்கு முன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: பயிற்சியின் முதல் நாளில் என் பிள்ளையின் பெயரில் பேட்ஜ் வருமா, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கையை என் கையில் தருவீர்களா? அங்கே உட்கார்ந்திருப்பவர் திருதிருவென்று விழித்தால் பணத்தை எண்ணிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.