குற்றாலத்துக்கு எத்தனை புள்ளி?

அனுப்புநர்:
8,000 புள்ளி உறுப்பினர், 25 ஆண்டுத் திட்டம்,
தென்காசி.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
புள்ளி அட்டவணைப் பிரிவு,
தங்கள் ஹாலிடே கிளப்.

பொருள்: ஒரு புள்ளியின் விலை என்ன – விளக்கம் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் அட்டவணை. 2. தங்கள் திருத்திய அட்டவணை. 3. திருத்திய அட்டவணைக்குத் தாங்கள் அனுப்பிய திருத்தம்.

மதிப்பிற்குரிய ஐயா,

இவ்வாண்டுக்கான 8,000 புள்ளிகள் என் கணக்கில் வரவு வைக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. அன்று மாலையே ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்துக்கான பில்லும் வந்தது. எனக்கு வரவேண்டியது புள்ளியாக வந்தது. தங்களுக்கு வரவேண்டியது ரூபாயில் வந்தது. அடியேன் சார்நிலைக் கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். தொகை எழுதாத பில் மேசைக்கு வந்தால் அப்ஜெக்‌ஷன் போட்டுத் திருப்பியே பழக்கம். அந்தப் பழக்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

தங்கள் அட்டவணையை ஊன்றிப் படித்தேன். எந்த ஊர், எந்த மாதம், வாரநாளா வாரக்கடைசியா, ஸ்டுடியோவா ஒரு படுக்கையறையா, ஜன்னலைத் திறந்தால் மலை தெரியுமா கார் நிறுத்துமிடம் தெரியுமா என்று ஐந்து கட்டம் தாண்டினால்தான் ஓர் இரவுக்கு எத்தனை புள்ளி என்பது தெரிகிறது. பஞ்சாங்கம் பார்த்துப் பழகியவர்களுக்கு இது சிரமமில்லை. ஒரே வித்தியாசம், ராகுகாலம் ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம்தான். தங்கள் அட்டவணையில் மே மாதம் முழுக்க இருக்கிறது.

விடுமுறையை விற்கும் இந்தத் தொழில் நமக்குப் புதிதல்ல. ஸ்டெர்லிங் 1986-லும் மகிந்திரா ஹாலிடேஸ் 1996-லும் சென்னையில் கடை விரித்தவை. கிளப் மகிந்திரா ஆண்டை ஊதா, சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நான்கு நிறமாகப் பிரித்தது. வாங்கிய நிறத்துக்கு ஏற்ற காலம் என்பது அந்த ஏற்பாடு. நிறம் என்றால் எங்கள் தெருப் பாட்டிக்கும் புரிந்துவிடும் என்று அஞ்சியோ என்னவோ, தாங்கள் அந்த நிறத்தின் மேல் புள்ளியையும் வைத்துவிட்டீர்கள்.

தங்கள் பிரதிநிதி தென்காசி ஓட்டல் ஹாலில் எங்களுக்கு விளக்கம் தந்த மாலையை இங்கே பதிவு செய்வது அவசியம். குலுக்கலில் பரிசு விழுந்திருக்கிறது, தம்பதி சமேதராக வந்து வாங்கிக்கொள்ள வேண்டும், தனியாக வந்தால் பரிசு கிடையாது என்றார்கள். ஹாலில் பாட்டு உச்சத்தில் இருந்தது. யாராவது ஒருவர் கையெழுத்துப் போட்டால் எல்லா மேசையிலும் கைதட்டல். எங்கள் மேசைத் தம்பி வெள்ளைத் தாளில் 8,000 என்று எழுதி, அதைச் சுற்றி வட்டம் போட்டு, “பதிமூணு நைட் அங்கிள்!” என்றார்.

என் வீட்டம்மா கேட்டாள்: “மே மாசம் பேரப்பிள்ளைகளுக்கு லீவு. அப்போ கொடைக்கானல் போனா எத்தனை நைட்டு தம்பி?”

“அது பீக் ஆன்ட்டி. நாலு வரும்.”

“ரூம் கிடைச்சிருமா?”

“அவைலபிலிட்டியைப் பொறுத்தது ஆன்ட்டி.”

விற்கும்போது 13, தங்கும்போது 4. நடுவில் காணாமல்போன ஒன்பது இரவுகள் அட்டவணையின் எந்தக் கட்டத்தில் படுத்திருக்கின்றன என்று தேடிப் பார்த்தேன். ஆள் வராத மாதத்தின் செவ்வாய், புதன்கிழமைகளில், இரவுக்கு 600 புள்ளி வீதம் நிம்மதியாக உறங்குகின்றன.

இனிக் கணக்குக்கு வருகிறேன். உறுப்பினர் கட்டணம் வரி உட்பட நான்கு லட்சம் ரூபாய். ஆண்டுக்கு 8,000 வீதம் 25 ஆண்டுக்கு இரண்டு லட்சம் புள்ளி. ஆகவே ஒரு புள்ளி இரண்டே ரூபாய் என்று தங்கள் தம்பி வகுத்துக் காட்டினார். வகுத்தல் சரிதான். இரண்டு செலவினங்கள் விடுபட்டுள்ளன, அவ்வளவுதான்.

முதல் இனம், வட்டி. அந்த நான்கு லட்சம் வங்கியில் ஏழு சதவீதத்துக்குக் கிடந்திருந்தால் அசலைத் தொடாமலே ஆண்டுக்கு 28,000 ரூபாய் வந்திருக்கும். 8,000 புள்ளிக்குப் பங்கிட்டால் புள்ளிக்கு ரூ. 3.50. அசல் திரும்பி வராது என்பதை நான் இதில் சேர்க்கவில்லை. தாங்கள் மனம் நோகக் கூடாது.

இரண்டாம் இனம், பராமரிப்பு. இருபதாயிரத்துக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 23,600. புள்ளிக்கு ரூ. 2.95. இரண்டையும் கூட்டினால் ரூ. 6.45. மே மாத சனிக்கிழமை இரவுக்குத் தாங்கள் கழிக்கும் 2,000 புள்ளி என் சட்டைப்பையில் 12,900 ரூபாய். அதே அறை, அதே இரவு, உறுப்பினர் அல்லாத வழிப்போக்கருக்குத் தங்கள் இணையதளத்தில் 9,000 ரூபாய். உறுப்பினராக இருப்பதன் பெருமைக்கு இரவொன்றுக்கு 3,900 என்று கொள்கிறேன்.

இதுவும் 8,000 புள்ளியையும் செலவழிப்பவருக்கான கணக்கு. கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி என்று ஓர் ஆண்டு பாதிதான் போக முடிந்தது என்றால், அந்த 51,600 ரூபாயை 4,000 புள்ளியால்தான் வகுக்க வேண்டும். புள்ளி ரூ. 12.90 ஆகிவிடும். வாங்கிய புள்ளியால் வகுத்தால் கிடைப்பது தங்கள் விலை. தங்கிய புள்ளியால் வகுத்தால் கிடைப்பது என் விலை. மீந்த புள்ளியை அடுத்த ஆண்டுக்கு மாற்றலாம் என்கிறீர்கள். மாற்றலாம்தான், மாற்றிய புள்ளிக்கும் அடுத்த ஆண்டு பராமரிப்புக் கட்டணம் காத்திருக்கிறது. அது ஆண்டுக்கு ஆறு சதவீதம் கூடினால்கூடப் பன்னிரண்டு ஆண்டில் இரட்டிப்பாகிவிடும். என் 8,000 மட்டும் 25 ஆண்டுக்கும் 8,000-ஆகவே இருக்கும்.

அடுத்து எங்கள் ஊர் விவகாரம். தங்கள் அட்டவணையில் குற்றாலத்துக்கும் ஒரு வரி ஒதுக்கியிருக்கிறீர்கள். தென்காசி 2019 நவம்பரிலேயே தனி மாவட்டமாகிவிட்டது. தாங்கள் இன்னும் ‘திருநெல்வேலி அருகில்’ என்றே அச்சிடுகிறீர்கள், அது போகட்டும். ஏப்ரல், மே மாதங்களுக்கு ஊதா, இரவுக்கு 2,000 புள்ளி. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ‘மழைக்காலம்’ என்று நீலம், 600 புள்ளி. அட்டவணை போட்டவர் மூணாற்றை மனத்தில் வைத்துப் போட்டிருக்கிறார். மற்ற மலைகளில் தென்மேற்குப் பருவமழை என்றால் ஆள் வராத காலம். குற்றாலத்தில் அதற்குப் பெயரே சீசன். ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று வந்து, சாரல் இறங்கி, பேரருவியில் தண்ணீர் விழுந்தால்தான் இங்கே கடையே திறக்கும். மே மாதம் பெரும்பாலும் பாறை காயும். மறுபடி கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் வருவார்கள். ஆக, பாறைக்கு 2,000, அருவிக்கு 600.

நமக்கு லாபம்தானே என்று ஜூலையில் ஒரு சனிக்கிழமை கேட்டேன். நிரம்பிவிட்டது என்றார்கள். வெள்ளி? நிரம்பிவிட்டது. மே மாதம் எந்த நாள் வேண்டுமானாலும் இருக்கிறதாம். புள்ளி குறைந்த இரவில் இடம் இல்லை, இடம் உள்ள இரவில் தண்ணீர் இல்லை.

ஐந்தருவிச் சாலை லாட்ஜில் விசாரித்தேன். கவுன்டரில் இருந்தவர் சொன்னது இது: “தண்ணி நல்லா விழுது சார், இன்னைக்கு மூவாயிரம். சனி, ஞாயிறு வராதீங்க, செவ்வா, புதன் வாங்க, ஆயிரத்தைநூறுக்குத் தாரேன். மலை தெரியுற ரூம்னா இருநூறு கூட.” தங்கள் ஐந்து கட்டமும் ஒரே மூச்சில், ரூபாயில் முடிந்துவிட்டது. அவரும் சீசனுக்குச் சீசன் விலை ஏற்றுகிறவர்தான், தர்மகர்த்தா அல்ல. ஆனால் 2049-ஆம் ஆண்டின் ஆனிச் சாரலுக்கு இன்றே அட்வான்ஸ் கேட்கவில்லை. ரசிகமணி டி.கே.சி. காலத்தில் ராஜாஜியும் கல்கியும் குற்றாலத்துக்கு வந்து அவரோடு பொழுது போக்கியபோது எத்தனை புள்ளி கழிந்தது என்பதற்கும் பதிவேடு இல்லை.

தங்கள் முறையை இங்கு முழுமையாக அமல்படுத்தினால் எப்படியிருக்கும் என்று ஒரு வரைவு தயாரித்துள்ளேன். தாங்கள் ஒப்புதல் தரலாம்.

பேரருவியில் பாதுகாப்பு வளைவுக்குள் தண்ணீர் விழும் நாள் ஊதா. வளைவைத் தாண்டி விழுந்து போலீஸார் விசில் ஊதும் நாளில் குளிக்கத் தடை; புள்ளி மட்டும் கழியும். அருவியில்லாமல் சாரல் மட்டும் என்றால் சிவப்பு; முகத்தில் பட்ட சாரலுக்கு அரை வீதம். ஐந்தருவியில் ஐந்து கிளைக்கும் தனித்தனிப் புள்ளி. எந்தக் கிளையில் தலை நனையும் என்பது அவைலபிலிட்டியைப் பொறுத்தது. பழைய குற்றாலம் போக விரும்புவோர் பரிமாற்றக் கட்டணம் செலுத்த வேண்டும், ரூபாயில். சென்ற ஆண்டு குளிக்காத குளியலை இந்த ஆண்டுக்கு மாற்றலாம், சென்ற ஆண்டே கேட்டிருந்தால். அடுத்த ஆண்டுக் குளியலைக் கடன் வாங்கலாம். மழை பொய்த்தால் கிளப் பொறுப்பல்ல. பாறை மட்டும் தெரியும் நாள் நீலம். பார்க்கும் உரிமைக்கு வரம்பில்லை. பாறைத் தேய்மானத்துக்கு ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் உண்டு. தின்பண்டம் பறிக்கும் குரங்குகள் மட்டும் இத்திட்டத்தில் சேர மறுத்துவிட்டன. அவை எடுப்பதை நேரடியாகவே எடுத்துக்கொள்கின்றனவாம்.

புள்ளி என்பதே மோசடி என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் டிஸ்னி 1991-லேயே புள்ளி முறையில் விடுமுறை விற்கத் தொடங்கியது. அங்கே ஒரு கட்டுப்பாடு இருக்கிறது: ஒரு விடுதியின் ஆண்டு முழுமைக்குமான மொத்தப் புள்ளி ஒப்பந்தத்திலேயே கட்டப்பட்டது. ஓர் இரவுக்குக் கூட்டினால் வேறோர் இரவுக்குக் குறைத்தே ஆக வேண்டும். 2020-ஆம் ஆண்டுக்கு அவர்கள் போட்ட அட்டவணையை உறுப்பினர்கள் கணக்குப் பார்த்து எதிர்க்கவே, 2019 தொடக்கத்தில் அதைத் திரும்பப் பெற்றார்கள். மிக்கி எலிக்கு இருக்கும் கூச்சம் தங்கள் பிரிவுக்கும் இருக்கும் என்று நம்பித் தங்கள் மூன்று அட்டவணைகளையும் கூட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு திருத்தத்திலும் ஏதோ ஒரு மாதம் ஏறியிருக்கிறது. இறங்கிய மாதம் ஒன்றுகூட இல்லை.

இங்கே பான்கார்டு கிளப்ஸ் கதையும் நினைவிருக்கும். விடுதி இரவுகள் என்று சொல்லிப் பணம் திரட்டிய அந்த மும்பை நிறுவனத்தின் திட்டம் உண்மையில் கூட்டு முதலீட்டுத் திட்டம்தான் என்று முடிவுசெய்த செபி, ஏழாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் திருப்பித் தரச் சொல்லி 2016-ல் உத்தரவிட்டது. அது வேறு ரகம் என்பீர்கள், ஒப்புக்கொள்கிறேன். அங்கே அறைக்குப் பதில் பணம் வரும் என்றார்கள், தாங்கள் பணத்துக்குப் பதில் புள்ளி வரும் என்கிறீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009-ஆம் ஆண்டு நெறிமுறைப்படி டைம்ஷேர் என்னும் இத்தகைய விடுமுறைத் திட்டம் வாங்கியவர் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் விலகலாம். அதுவரை விற்றவர் ஒரு காசும் வாங்கக் கூடாது. தென்காசி ஹாலில் கைதட்டல் ஓயுமுன் கார்டு தேய்க்கப்பட்டது. ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று நம் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் ஒரு பிரிவு உண்டு. அதன்படி புகார் செய்ய மாவட்ட ஆணையம் போதாது, மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். பொதிகை எக்ஸ்பிரஸில் அதற்கு டிக்கெட் எடுக்கவும் புள்ளி செல்லாது.

எனவே தாழ்மையுடன் கோருவது மூன்று. ஒன்று, புள்ளிக்கு ரூபாயில் ஒரு விலையை அச்சிடவும். அந்த விலைக்குத் தாங்களே திரும்ப வாங்கிக்கொள்ளவும். இரண்டு, ஆண்டின் மொத்தப் புள்ளியைக் கட்டிவைக்கவும். மே ஏறினால் எந்த மாதமாவது இறங்கட்டும். மூன்று, புள்ளி பணத்துக்குச் சமம் என்று ஹாலில் சொன்னது உண்மையானால், பராமரிப்புக் கட்டணத்தையும் புள்ளியாகவே பெற்றுக்கொள்ளவும்.

மூன்றாவது கோரிக்கையைத் தங்கள் பதிலுக்குக் காத்திராமல் நானே நிறைவேற்றிவிட்டேன். வழிப்போக்கருக்கு 9,000 ரூபாய் என்று தாங்கள் விற்கும் அறைக்கு என்னிடம் 2,000 புள்ளி கழிப்பதால், தங்கள் கணக்குப்படியே ஒரு புள்ளி ரூ. 4.50. எனக்கு அடக்கவிலை ரூ. 6.45, நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்கிறேன். இவ்வாண்டுப் பில் ரூ. 23,600-க்கு ஈடாக 5,245 புள்ளிகளை என் கணக்கில் கழித்துக்கொண்டு, முத்திரையிட்ட ரசீது அனுப்பவும். ரூ. 2.50 கூடுதலாக வரும். அதைத் திருப்பி அனுப்ப வேண்டாம். தங்களிடம் அரைப் புள்ளிக்குச் சில்லறை இருக்காது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
உறுப்பினர்,
தென்காசி.